முப்பது மீட்டர் மேலே

மலையில் டென்ட் அடித்து நடுங்கிவிட்டு வந்தவர்கள் பெரும்பாலும் திட்டுவது ஸ்லீப்பிங் பேக்கைத்தான். "அஞ்சு டிகிரி தாங்கும்னு போட்டிருந்தான், நல்லா ஏமாத்திட்டான்" என்பார்கள். அடுத்த வருடம் ரெண்டாயிரம் ரூபாய் கூடப் போட்டு இன்னொன்று வாங்குவார்கள். மறுபடியும் அதே ஜனவரி, அதே ஊட்டித் தலைகுந்தா பக்கம், அதே ஓடைக்கரைப் புல்வெளி, அதே நடுக்கம். பையில் குறையே இல்லை என்று சொல்லவரவில்லை, அதற்கும் வருகிறேன். ஆனால் எந்தப் பை, எந்த டென்ட் என்று மணிக்கணக்கில் விசாரிக்கிறவர்கள் அதை எந்த இடத்தில் விரிக்கப் போகிறோம் என்று ஒரு நிமிடம் கூட யோசிப்பதில்லை. நெடுநாளாக எனக்கு உறுத்திக்கொண்டிருப்பது அதுதான். குளிரைப் பொறுத்தவரை முதல் முடிவு இடம், இரண்டாவது தரையில் போடும் விரிப்பு. பை மூன்றாவதுதான். டென்ட் துணிக்கு இந்த வரிசையில் இடமே இல்லை. அது காற்றையும் பனித்துளியையும் தடுக்கும். உள்ளே இரண்டு மூன்று டிகிரி கூடினாலே பெரிய விஷயம்.

ஊட்டிப் பாதையே ஆளை ஏமாற்றும். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து முன்னூற்றுச் சொச்சம் மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. ஆக, கீழே மதியம் 31 என்றால் மேலே 19. வெயிலில் நிற்கும்போது 19 டிகிரி சுகமாக இருக்கும், அரைக்கைச் சட்டையே போதும் என்று தோன்றும். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக வருகிறவர்களுக்கு இன்னும் மோசம். 36 கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறியிருப்பார்கள், உடம்பு இன்னும் மசினகுடியிலேயே இருக்கும். போனைப் பார்த்தால் 'உதகை, இரவு 7 டிகிரி' என்று காட்டும். அந்த 7 தரைக்கு மேலே நெஞ்சு உயரத்துக் காற்றின் கணக்கு. புல்நுனியில் அதைவிட மூன்று முதல் ஐந்து டிகிரி குறைவாக இருக்கும். நாம் படுப்பது நெஞ்சு உயரத்தில் இல்லையே.

நீலகிரிக்காரர்கள் நீர்ப்பனி, உறைபனி என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். மழை ஓய்ந்து முதலில் விழுவது நீர்ப்பனி. கால் நனையும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வருவது உறைபனி. டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம், தாவரவியல் பூங்கா என்று குறிப்பிட்ட சில இடங்களில்தான் அது வெள்ளையாகப் படரும். வருடா வருடம் பத்திரிகைப் படங்களிலும் அதே இடங்கள்தான். அவை எல்லாம் ஏன் பள்ளமும் சமதளமுமாக இருக்கின்றன என்று கேட்டுப் பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

வானம் தெளிந்தால் கவலைப்படுங்கள்

மேகம் போர்வை. சூரியன் மறைந்ததும் தரை தன் சூட்டை மேல்நோக்கி வீசத் தொடங்கும். மேகம் இருந்தால் அதில் ஒரு பகுதி திரும்பி வரும். காய்ந்த காற்றும் தெளிந்த வானமுமாக இருந்தால், தலைக்கு மேலே காற்றைவிட ஏறக்குறைய 20 டிகிரி குளிர்ந்த ஒரு கூரை இருப்பது மாதிரி. புல், கார்க் கண்ணாடி, டென்ட் துணி எல்லாம் அந்தக் கூரைக்குத் தங்கள் சூட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் காற்று 3 டிகிரியில் இருக்கும்போதே புல் உறைந்துவிடுகிறது. சாயங்காலம் ஆறரைக்கு மேகம் விலகி நட்சத்திரம் தெரிந்ததும் கேம்ப்பில் எல்லோரும் ஆரவாரம் செய்வார்கள். அந்த நேரத்தில்தான் இன்னொரு விரிப்பைத் தேடிக் காருக்குப் போக வேண்டும்.

இதை அங்குள்ள தேயிலை விவசாயிகளிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை. உறைபனிக் காலத்தில் இளஞ்செடிகள் மேல் தாகை என்ற செடியை வெட்டிப் பரப்பி மூடுவார்கள். தாவரவியல் பூங்காவில் நாற்றுகளுக்குக் கோத்தகிரி மிலார் என்ற செடியைக் கொண்டு பந்தல் மாதிரிப் போடுவார்கள். இலை தழையால் காற்றைச் சூடாக்க முடியாது. செடிக்கும் வானத்துக்கும் நடுவில் ஒரு மறைப்பு, அவ்வளவுதான். உறைபனி விழுந்த காலையில் ஏதாவது ஒரு தனி மரத்தின் அடியைப் பாருங்கள். மரக்குடையின் அளவுக்கு வட்டமாகப் பச்சைப் புல் இருக்கும். அந்த வட்டத்துக்கு ஒரு அடி வெளியே ஒவ்வொரு புல்லின் ஓரத்திலும் உப்புத் தூவியது போல ஊசி ஊசியாகப் பனி. பாதி மரத்தடியிலும் பாதி வெளியிலுமாக நிறுத்திய காரில் முன்கண்ணாடி வெளுத்து, பின்கண்ணாடி வெறும் ஈரமாக இருக்கும். ஒரே கார், ஒரே ராத்திரி.

அதற்காக எந்த மரத்தடியிலும் படுத்துவிடக் கூடாது. கற்பூர மரம் (யூகலிப்டஸ்) காற்றே இல்லாத நாளிலும் கிளையை முறித்துப் போடும். சீகை (வாட்டில்) மரத்துக்கு வேர் ஆழம் கிடையாது, மழைக்குப் பிறகு அடியோடு சாயும். உயரம் குறைந்த, பட்ட கிளை எதுவும் இல்லாத மரமாக இருக்க வேண்டும். சோலை ஓரம் குளிருக்கு இதமான இடம்தான், ஆனால் காட்டெருமைக்கும் கரடிக்கும் அது நடைபாதை. தவிர, வனத்துறை நிலத்தில் அனுமதியில்லாமல் டென்ட் அடிப்பது குற்றம். இங்கே நான் சொல்வதெல்லாம் பட்டா நிலத்தில், எஸ்டேட்டுக்குள், ஆள் இருக்கும் கேம்ப்சைட்டுகளுக்குத்தான்.

கிண்ணத்தின் அடி

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மலையில் ஏறினால் குளிர் கூடும், இறங்கினால் குறையும் என்பது நம் எல்லோருக்கும் பழகிப்போன கணக்கு. அதனால் சாயங்காலம் குளிர ஆரம்பித்ததும், சரிவில் இருக்கும் மேட்டு இடத்தை விட்டுவிட்டுக் 'கொஞ்சம் கீழே, அடக்கமாக' இருக்கும் பள்ளத்துக்குப் போகிறோம். காற்றில்லாத, வானம் தெளிந்த ராத்திரியில் இந்தக் கணக்கு தலைகீழ். குளிர்ந்த காற்று கனமானது. தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று சரிவில் தண்ணீர் மாதிரி வழிந்து பள்ளத்தில் தேங்கும். ராத்திரி முழுக்க வழிந்துகொண்டே இருக்கும், கிண்ணம் நிரம்பிக்கொண்டே இருக்கும். அந்தக் குளிர்க் குளத்தின் மட்டத்துக்கு மேலே, சரிவில் ஏறக்குறைய 30 மீட்டர் உயரத்தில், அதாவது பத்து மாடிக் கட்டடத்தின் உயரத்தில், மூன்று நான்கு டிகிரி கூடுதலாக இருப்பது சாதாரணம். அதே மூன்று டிகிரியைக் கீழே இறங்கித்தான் சம்பாதிப்பேன் என்றால் கிட்டத்தட்ட 500 மீட்டர் இறங்க வேண்டும். ஊட்டியிலிருந்து குன்னூர் வரைக்கும் போனால்தான் அவ்வளவு கிடைக்கும்.

ரொம்ப மேலேயும் போகக் கூடாது. உச்சியில் காற்று அடிக்கும். அடிவாரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு, பாதி என்ற அளவில் நடுச்சரிவுதான் சரியான இடம். படுகர் மக்களின் ஊர்களான ஹட்டிகள் பெரும்பாலும் பள்ளத்தில் இல்லாமல் சரிவிலும் மேட்டிலும் வரிசையாக அமைந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம், ஆனால் உறைபனி விழும் பள்ளத்தில் கேரட் போட்டுவிட்டு மேலே வீடு கட்டியிருப்பது எனக்குத் தற்செயலாகத் தெரியவில்லை. கேம்ப்சைட்டுகள் இதற்கு நேர் எதிர். ஏரியோரம், ஓடையோரம், பச்சைக் கம்பளம் விரித்த மாதிரிச் சமதளம்: போட்டோவுக்கு அதுதான் எடுப்பு, டென்ட் வரிசையாக நிற்கவும் வசதி. கேட்டால் பெரும்பாலும் மேல்தட்டில் அடிக்க விடுவார்கள். பழைய உருளைக்கிழங்குத் தட்டு, லாரி திரும்புவதற்காக வெட்டிய இடம், தேயிலைக் கொட்டகைக்குப் பக்கத்து முற்றம் என்று எங்காவது நாலு பேர் படுக்கிற அளவு சமதளம் இருக்கும். கழிவறைக்கு நூறு அடி கூட நடக்க வேண்டிவரும், பரவாயில்லை.

சரிவில் தேர்ந்த இடத்தைச் சோதிக்க ஊதுபத்தி போதும். இருட்டிய பிறகு ஏழு மணி வாக்கில், முழங்கால் உயரத்தில் ஒன்றைப் பிடித்து அசையாமல் நில்லுங்கள். புகை நேராக மேலே போனாலோ, அங்குமிங்கும் அலைந்தாலோ பிரச்சினை இல்லை. ஒரே திசையில், சரிவின் கீழ்ப்பக்கமாக, மெதுவாக இழுபட்டுக்கொண்டே போனால் நீங்கள் நிற்பது குளிர்காற்று இறங்கும் வாய்க்காலில். பத்துப் பதினைந்து அடி பக்கவாட்டில் நகர்ந்து மறுபடி பாருங்கள். இன்னொரு நுணுக்கமும் உண்டு. டென்ட்டுக்கு மேல்பக்கம் வேலியோ கல்சுவரோ இருந்தால் நல்லது, வழிந்து வரும் குளிரைத் திருப்பிவிடும். அதே வேலி கீழ்ப்பக்கம் இருந்தால் அணைக்கட்டு மாதிரிக் குளிரைத் தேக்கி உங்கள் மேலேயே நிறுத்திவிடும். கிழக்கு திறந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். குளிர் உச்சத்துக்குப் போவது நள்ளிரவில் என்று நினைக்கிறோம், உண்மையில் அது விடியும் நேரத்தில். ஜனவரியில் ஆறே முக்காலுக்குச் சூரியன் உதித்தாலும் மலை மறைக்கும் பள்ளத்துக்கு வெயில் வர எட்டு மணி ஆகலாம். கிழக்குச் சரிவில் இருப்பவர் அதற்குள் டீ குடித்து முடித்திருப்பார்.

முதுகுக்குக் கீழே

பை சூட்டை உண்டாக்குவதில்லை. உள்ளே பஞ்சில் சிக்கியிருக்கும் காற்றுதான் நம் உடம்புச் சூட்டைப் பிடித்துவைக்கிறது. படுத்ததும் முதுகுக்குக் கீழே அந்தப் பஞ்சு நசுங்கிவிடும், பிடித்துவைக்க அங்கே காற்று இருக்காது. அப்புறம் நீங்கள் படுத்திருப்பது கிட்டத்தட்ட வெறும் தரையில்தான். மேலே எத்தனை கம்பளி போட்டாலும் கீழே ஒழுகிக்கொண்டிருக்கும் ஓட்டை அடைபடாது. மேலே ஒன்று சேர்ப்பதற்கு முன் கீழே இரண்டு சேருங்கள்.

விரிப்புகளுக்கு 'ஆர் மதிப்பு' என்று ஓர் அளவு உண்டு, சூடு தரைக்கு இறங்குவதை எவ்வளவு தடுக்கும் என்பதற்கு. ஒன்றின் மேல் ஒன்று போட்டால் மதிப்பும் கூடிக்கொண்டே போகும். உறைபனி இரவுக்கு மொத்தம் மூன்று, நான்கு இருந்தால் நிம்மதி. ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் தடிமனான நல்ல ஃபோம் விரிப்புக்கு இந்த மதிப்பு இரண்டு வரைக்கும் இருக்கும். கடையில் ஆசைகாட்டும் தடித்த காற்று மெத்தைதான் இருப்பதிலேயே மோசம். உள்ளே பஞ்சோ தடுப்போ இல்லாத வெறும் காற்று, நாம் புரளும்போதெல்லாம் சுழன்று சூட்டைத் தரைக்கு இறக்கிவிடும். அது வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு. ஏற்கெனவே எடுத்துவந்துவிட்டால் அதன் மேலே, உடம்பை ஒட்டி, ஃபோமைப் போடுங்கள்.

எதுவுமே கொண்டுவரவில்லை என்றால் காய்கறிக் கடையில் அட்டைப்பெட்டி கேளுங்கள். ஊட்டியிலும் குன்னூரிலும் ஐந்து மணிக்கு முன்னால் போனால் பெரிய பெட்டிகள் கிடைக்கும். ஒருவருக்கு இரண்டு பெட்டி. பிரித்து, முதல் அடுக்கின் மடிப்பு மேல் இரண்டாவதன் மடிப்பு வராமல் மாற்றி அடுக்க வேண்டும். வரிசை இப்படி: தரையில் தார்ப்பாய், அதன் மேல் டென்ட், டென்ட்டுக்குள் அட்டை இரண்டு அடுக்கு, அதன் மேல் யோகா மேட் அல்லது ஃபோம், பிறகு ஜமுக்காளம், பிறகு பை. காரின் வெள்ளி நிற வெயில் தடுப்பானை அட்டைக்கு மேல் சேர்க்கலாம். தோளும் இடுப்பும் படும் இடத்துக்கு முன்னுரிமை கொடுங்கள். அட்டை குறைந்தால் காலுக்குக் கீழே காலிப் பையும் மடித்த ஜீன்ஸும் போதும். தார்ப்பாய் டென்ட்டின் அடியைவிட நாலு பக்கமும் ஒரு விரற்கடை சின்னதாக மடித்திருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேல்துணியில் வழியும் பனிநீரை வாங்கி நேராக நம் முதுகுக்குக் கீழே கொண்டுவந்து சேர்த்துவிடும்.

பையில் போட்டிருக்கும் எண்ணுக்கு வருகிறேன். ஐ.எஸ்.ஓ. 23537 தரத்தின்படி சோதித்த பையில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று எண் இருக்கும். கம்ஃபர்ட் என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். லிமிட் என்றால் சுருண்டு படுத்துச் சமாளிக்கலாம். எக்ஸ்ட்ரீம் என்றால் உயிர் மிஞ்சலாம், அது தூங்குவதற்கான எண்ணே இல்லை. அந்தச் சோதனையே அடியில் நல்ல விரிப்பும் மேலே உடுப்பும் இருக்கும் என்ற கணக்கில்தான் நடக்கிறது. ஒரே ஒரு எண் மட்டும் பெரிதாக அச்சடித்த மலிவுப் பையில் அது எந்த எண் என்று யாருக்கும் தெரியாது. அதோடு எட்டு டிகிரி கூட்டிக்கொள்வது என் வழக்கம், 5 என்று போட்டிருந்தால் 13 என்று வைத்துக்கொள்வேன். இரண்டு மலிவுப் பைகளை ஒன்றுக்குள் ஒன்று நுழைப்பது விலை உயர்ந்த ஒன்றுக்கு ஓரளவு ஈடாகும், உள்பை நசுங்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

உடுப்பில் ஒரே விதி, உலர்ந்தது. பகலெல்லாம் நடந்த பனியனும் சாக்ஸும் தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் ஈரம்தான். படுக்கும் முன் உள்ளே இருந்து வெளியே வரை மாற்றிவிடுங்கள். மங்கி கேப்பைப் பார்த்துச் சிரிப்பவர்களைக் காலை ஐந்து மணிக்குச் சந்திக்கவும். இரண்டு சாக்ஸைத் திணித்துப் போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து பாதம் இன்னும் சில்லிடும். தொளதொளவென்று ஒன்றே போதும். மூக்கு குளிர்கிறது என்று முகத்தைப் பைக்குள் புதைத்து மூச்சுவிடாதீர்கள், மூச்சின் ஈரம் பஞ்சில் இறங்கி விடியும்போது பை கனத்துப் போகும். அதே காரணத்துக்காகத்தான் டென்ட்டின் மேல் ஜன்னலை மூடக் கூடாது என்கிறோம். ஒருவர் ராத்திரி முழுக்க விடும் மூச்சில் கணிசமான ஈரம் வெளியே வரும். மூடினால் அது துணியில் படிந்து சொட்டும், குளிர் இன்னும் கூடினால் உள்பக்கமே பனியாக உறையும்.

வெந்நீர் பாட்டில் எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான், ஆனால் பலர் ஃபிளாஸ்க்கில் ஊற்றிவிடுகிறார்கள். அது சூட்டை வெளியே விடாமல் இருக்கவே செய்தது. ஒற்றைச் சுவர் சில்வர் பாட்டில் வேண்டும். நீலகிரிக்குள் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை என்பதால் எப்படியும் அதைத்தான் கொண்டுபோவீர்கள். ஒரு லிட்டர் நீர் 90 டிகிரியிலிருந்து 30-க்கு இறங்குவதற்குள் கொடுக்கும் சூடு, 20 வாட் ஹீட்டர் ஒன்று மூன்றரை மணி நேரம் ஓடுவதற்குச் சமம். மூடியை இறுக்கி, தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்து, தடித்த சாக்ஸுக்குள் போட்டு, படுக்கும் கால் மணி முன்பே பைக்குள் வைத்துவிடுங்கள். பிறகு தொடைகளுக்கு நடுவே. பாதத்தில் வைப்பதைவிட அது மேல், அங்கே பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது. தூங்கும் முன் ஒரு கடலைமிட்டாய், ஒரு முறை சிறுநீர். ராத்திரி போக வேண்டிவருமே என்று தண்ணீரைக் குறைப்பதைவிட எழுந்து போய்விட்டு வருவது உத்தமம். மது வேண்டாம், தோலுக்குச் சூட்டை இழுத்துவந்து வெளியே விட்டுவிடும்.

அடுப்பு, கரி, கார்

கேசட் ஸ்டவ், அதாவது சின்ன கேஸ் கேன் செருகும் அடுப்பு, அதற்கான கேனில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். அது ஆவியாவது மைனஸ் 0.5 டிகிரிக்கு மேல்தான். வெளியே 4, 5 டிகிரி இருந்தாலும், எரிய எரிய கேன் தானே குளிர்ந்துகொண்டு போகும். பாதிக் கேன் மிச்சம் இருக்கும்போதே தீ நீலப் பொட்டாகச் சுருங்கிவிடும். 'கேஸ் தீர்ந்துபோச்சு' என்று தூக்கிப்போட்டுவிடாதீர்கள். மறுநாள் காலைக்கான கேனை ராத்திரி பைக்குள் கால்மாட்டில் வைத்துக்கொண்டால் டீக்குக் கேஸ் வரும். கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் கேனைச் சில நிமிடம் நிறுத்தியும் எடுக்கலாம். கொதிநீர் கூடாது, தீக்கு மேல் காட்டுவது அறவே கூடாது.

டென்ட்டுக்குள் அடுப்பு, கரி, மெழுகுவத்தி எதுவும் வேண்டாம். சாம்பல் பூத்து அணைந்த மாதிரித் தெரியும் கரிதான் ஆளைக் கொல்கிறது. புகை இருக்காது, வாடை இருக்காது, கார்பன் மோனாக்சைடு மட்டும் வந்துகொண்டே இருக்கும். கொடைக்கானலில் பார்பிக்யூ கரியை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கியவர்கள் இறந்த செய்தி 2024-ல் வந்தது. சுவரும் ஜன்னலும் உள்ள அறையிலேயே அப்படி என்றால் டென்ட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ரோட் ட்ரிப்பில் நமக்கு இருக்கும் பெரிய வசதி கார். நடுச்சாமத்தில் பல் கிட்டிக்கும்போது கௌரவம் பார்க்காமல் அதற்குள் போய்விட வேண்டும். கார் ஒன்றும் சூடான இடமில்லை. தகரமும் கண்ணாடியும் டென்ட் மாதிரியே குளிரும். ஆனால் தரையிலிருந்து விலகி இருக்கிறோம், காற்று இல்லை, சீட்டின் ஃபோம் முதுகுக்குக் கீழே கிடைக்கிறது. கண்ணாடிகளுக்கு உள்பக்கம் அட்டையைச் செருகி, எதிரெதிர் ஜன்னல் இரண்டை ஒரு விரல் அளவு இறக்கிவைத்து, எஞ்சினை அணைத்துவிட்டுத் தூங்குங்கள். ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு தூங்குவது கரியடுப்பின் இன்னொரு வடிவம். சாப்பாட்டுப் பொருளெல்லாம் எப்போதும் காரில்தான் இருக்க வேண்டும், டென்ட்டுக்குள் ஒரு பிஸ்கட் பாக்கெட் கூட வேண்டாம். கரடிக்கு ஜிப் திறக்கத் தெரியாது, கிழிக்கத் தெரியும்.

குழந்தைகள் 'குளிருது' என்று சொல்லும் வரை காத்திருக்காதீர்கள். விளையாட்டை நிறுத்தி ஒரு மூலையில் உட்கார்ந்தால் அதுவே அறிகுறி. பெரியவர்களில் பேச்சு குழறுவது, பொத்தான் போட முடியாமல் விரல் தடுமாறுவது, சொன்னதையே சொல்வது இதெல்லாம் எச்சரிக்கை. நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கம் நின்று அமைதியானால் நிலைமை கைமீறுகிறது. ஈர உடுப்பை மாற்றி, கம்பளியில் சுற்றி, பக்கத்தில் ஒருவரைப் படுக்கவைத்து, நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். கை காலைப் பரபரவென்று தேய்க்கக் கூடாது.

காலையில் முன்கண்ணாடியில் பனி வெளுத்திருந்தால் வெந்நீர் ஊற்ற வேண்டாம், கண்ணாடி விரிசல் விடும். வைப்பரையும் போடாதீர்கள், ஒட்டிக்கொண்ட ரப்பர் கிழியும். எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடிக்குக் காற்றைத் திருப்பி, காலாவதியான ஏ.டி.எம். கார்டால் சுரண்டினால் ஐந்து நிமிடம். டென்ட்டின் மேல்துணியை வெயில் படும் முன்னாலேயே கழற்றி உதறிவிடுங்கள். உறைந்திருக்கும்போது பனி பொடிப்பொடியாக உதிரும், வெயில் பட்டபின் எல்லாம் தண்ணீராகித் துணியில் ஊறிவிடும். அப்படியும் கொஞ்சம் ஈரம் இருக்கும். அதைச் சுருட்டி உறைக்குள் திணித்து, கீழே இறங்கி, கோயம்புத்தூர் வெயிலில் டிக்கிக்குள் இரண்டு நாள் கிடந்தால் பூஞ்சை பூத்து, உள்பூச்சு பிசுபிசுவென்று உரிய ஆரம்பிக்கும். வீட்டுக்குப் போன அன்றைக்கே மொட்டைமாடிக் கொடியில், நிழல் பக்கமாக.